தெளிந்த நீரெல்லாம் குடிநீரா?





வுழூவுக்குரிய நீரை அறிய நிறம், மணம், சுவை ஆகிய மூன்றையும் நோக்குமாறு மார்க்க அறிஞர்கள் நமக்குக் கற்றுத் தந்துள்ளார்கள். அது சுத்தம் பற்றிய சட்டம். நோய் தராத குடிநீர் எது என்பது வேறொரு கேள்வி. இவ்விரண்டையும் ஒன்றெனக் கருதி, "எங்கள் கிணற்று நீர் கண்ணாடி போன்றது" என்று நிம்மதியடைவோர் நம் ஊர்களில் அநேகர்.

1854ஆம் ஆண்டு லண்டன் மாநகரின் புரோட் வீதிப் பகுதியில் கொலரா நோய் பரவி, 600க்கும் அதிகமானோர் மாண்டனர். அவ்வீதியின் கைப்பம்பு நீர் சுவைக்குப் பெயர் பெற்றது. தொலைவிலுள்ள ஹாம்ஸ்டெட்டுக்குக் குடிபெயர்ந்த ஒரு மாது, அச்சுவையை விரும்பி அந்நீரை வருவித்து அருந்தி, அந்நோயாலேயே இறந்தார். ஜோன் ஸ்னோ என்ற வைத்தியர் மரணங்கள் நிகழ்ந்த வீடுகளை விசாரித்து, அவை அப்பம்பைச் சூழ்ந்திருப்பதைக் காட்டினார். பின்னர் தோண்டிப் பார்த்தபோது, கிணற்றிலிருந்து மூன்றடி தூரங்கூட இல்லாத இடத்தில் ஒரு வீட்டின் மலக்குழி கசிந்துகொண்டிருந்தது.

நமது கிழக்குக் கரையோர ஊர்களை எண்ணிப் பாருங்கள். மணல் நிலம், நீர் விரைந்து ஊடுருவும். கிணற்றுக்கும் மலசலகூடக் குழிக்கும் குறைந்தது 50 அடி இடைவெளி வேண்டும் என்பார்கள். ஐந்து பேர்ச் காணியில் அந்த 50 அடியை எங்கே தேடுவது? நம் குழி தள்ளியிருந்தாலும் அயலவரின் குழி மதிலுக்கு அப்பாலேயே இருக்கலாம்!

இளைஞர்களே, ஓர் அளவு நாடாவை எடுங்கள். கிணற்றைச் சூழவுள்ள குழிகள், ஆட்டுக்கொட்டில், கழிவுநீர் வாய்க்கால், உரமிடும் தோட்டம் அனைத்தையும் அளந்து தாளில் வரையுங்கள். கிணற்றுக் கட்டில் வெடிப்புண்டா, வாளியும் கயிறும் நிலத்தில் கிடக்கின்றனவா என்றும் கவனியுங்கள். மழை பெய்தவுடன் நீர் கலங்கினால், மேற்பரப்பு நீர் உட்புகுகிறது என்று ஐயுறலாம். அப்படத்துடன் பொதுச் சுகாதாரப் பரிசோதகரைச் சந்தித்து, நீர் மாதிரியைப் பரிசோதிக்க வழி கேளுங்கள். சாதாரண சோடாப் போத்தலில் அள்ளிச் செல்ல வேண்டாம்; போத்தலிலுள்ள கிருமியே முடிவைக் கெடுத்துவிடும்.

மலக்கிருமி இருந்தால், நீரை நன்கு கொதிக்கவைத்துப் பருகலாம். கற்பிட்டி போன்ற விவசாய மணற்பகுதிகளின் கிணறுகளில் காணப்படும் நைத்திரேற்று அவ்வாறன்று. கொதிக்கவைத்தால் நீர் ஆவியாகி, அதன் செறிவு கூடவே செய்யும். லீற்றருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டிய நீரில் கைக்குழந்தைக்குப் பால்மா கரைக்கலாகாது. அக்குழந்தையின் இரத்தம் ஒட்சிசனைச் சுமக்கும் ஆற்றலை இழக்கக்கூடும். தாய்மார் இதனை விசேடமாகக் கவனத்திற் கொள்ளவேண்டும்.

அயலவரின் குழியே காரணமெனத் தெரிந்தால், மதிலுக்கு மேலால் சத்தமிட வேண்டாம். பரிசோதனை அறிக்கையுடன் அவர் வீட்டுக்குச் செல்லுங்கள். செல்லுமுன், உங்கள் குழி அவருடைய கிணற்றுக்கு எத்தனை அடி தூரத்தில் இருக்கிறது என்பதையும் அதே நாடாவால் அளந்துகொள்ளுங்கள்.