ஒரே வீட்டில் இருந்தால் போதுமா?

(திருக்குடும்பத் திருவிழா ஞாயிறன்று வானொலியில் ஒலிபரப்பான மறையுரை)



அரையாண்டுத் தேர்வு முடிந்து பிள்ளைகள் வீட்டில் இருக்கும் நாள்கள் இவை. குடில் இன்னும் கலைக்கப்படவில்லை. முறுக்கு டப்பாவின் அடியில் கொஞ்சம் மீதி இருக்கிறது. இந்த நேரத்தில் தாய்மார்கள் சிலர், "பள்ளிக்கூடம் என்றைக்குத் திறக்கும் ஃபாதர்? இதுகளை வைத்துச் சமாளிக்க முடியவில்லை" என்று சிரித்துக்கொண்டே கேட்பார்கள். அதற்கு நேர் எதிரான கேள்வி ஒன்றும் அண்மைக் காலமாக என்னிடம் வருகிறது. "ஃபாதர், காலையில் பள்ளிக்கூடம், மாலையில் டியூஷன், ஞாயிற்றுக்கிழமை கோச்சிங். பிள்ளையின் முகத்தையே நாங்கள் சரியாகப் பார்ப்பதில்லை. வீட்டிலேயே வைத்துப் படிக்க வைத்தால் என்ன? பக்தியாகவும் வளர்க்கலாம் அல்லவா?" என்று இளம் பெற்றோர் கேட்கிறார்கள்.

இது தவறான கேள்வி அன்று. பல நாடுகளில் கத்தோலிக்கக் குடும்பங்கள் இப்படிப் பிள்ளைகளை வளர்க்கின்றன. பெற்றோரே பிள்ளைகளின் முதல் ஆசிரியர்கள், முதன்மையான ஆசிரியர்கள் என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-ஆம் ஆண்டு கிறிஸ்தவக் கல்வி பற்றிய அறிக்கையில் கற்பித்தது. பிள்ளைகளுக்குக் கல்வி தரும் கடமையும் உரிமையும் பெற்றோருக்கு உண்டு. அதற்கு ஏற்ற வழியை இடத்திற்குத் தக்கபடி தேர்ந்துகொள்ளும் உரிமையும் அவர்களுக்கு உண்டு என்று திருஅவைச் சட்டத் தொகுப்பின் 793-ஆம் சட்டம் சொல்கிறது. பள்ளிக்கூடம் பெற்றோருக்குத் துணை நிற்கிறது. பெற்றோரின் இடத்தை அது எடுத்துக்கொள்ள முடியாது.

ஆனால் இதைக் கேட்கும்போது வேறொரு தாயின் குரலும் என் காதில் விழுகிறது. "நான் எட்டாவது வரைதான் படித்தேன் ஃபாதர். காலை ஒன்பது மணி முதல் இரவு ஒன்பது மணி வரை துணிக்கடையில் நிற்கிறேன். என்னால் என்ன சொல்லிக் கொடுக்க முடியும்?" இந்தத் தாய்க்கும், வீட்டில் வைத்தே படிக்க வைக்க விரும்பும் அந்த இளம் பெற்றோருக்கும் சேர்த்தே இன்றைய நற்செய்தி பதில் தருகிறது.

லூக்கா நற்செய்தி இரண்டாம் அதிகாரத்தில் நாம் பார்ப்பது என்ன? பன்னிரண்டு வயது இயேசுவைக் கூட்டிக்கொண்டு அன்னை மரியாவும் புனித சூசையப்பரும் பாஸ்கா விழாவுக்கு எருசலேம் போகிறார்கள். விழா முடிந்து திரும்பும்போது சிறுவன் எருசலேமிலேயே தங்கிவிடுகிறார். பெற்றோருக்குத் தெரியவில்லை. பயணிகள் கூட்டத்தில் எங்கேயோ இருப்பார் என்று எண்ணி ஒரு நாள் பயணம் முழுவதும் நடந்துவிடுகிறார்கள். பிறகுதான் உறவினரிடையே தேடுகிறார்கள், காணாமல் எருசலேமுக்கே திரும்புகிறார்கள். மூன்று நாளைக்குப் பின் கோவிலில் கண்டுபிடிக்கிறார்கள்.

இதில் அன்னைக்கும் சூசையப்பருக்கும் குற்றம் இல்லை. சொந்தக்காரர்களும் ஊர்க்காரர்களுமாகச் சேர்ந்து போன பயணம் அது. பிள்ளை கூட்டத்தோடு வருவான் என்று யாரும் எண்ணுவது இயல்பு. ஆயினும் அந்த ஒரு நாள் பயணம் நமக்கொரு பாடம். உலகத்திலேயே மிகத் தூய குடும்பத்துக்கும்கூட, 'பிள்ளை நம்மோடுதான் இருக்கிறான்' என்று எண்ணிய வேளையில் பிள்ளை அங்கே இல்லாமல் போனது. அப்படியானால் நம் நிலை என்ன? பள்ளியில் சேர்த்துவிட்டோம், மறைக்கல்விக்குப் பெயர் கொடுத்துவிட்டோம், பீடச்சிறுவர் குழுவில் இருக்கிறான், பக்கத்து அறையில்தான் செல்போனோடு உட்கார்ந்திருக்கிறாள் என்று நாமும் நடந்துகொண்டே இருக்கிறோம்.

திருத்தந்தை பிரான்சிஸ் 2016-ஆம் ஆண்டு குடும்பங்களுக்காக வழங்கிய 'அன்பின் மகிழ்வு' என்னும் திருத்தூது ஊக்கவுரையில் இதைப் பற்றிப் பேசுகிறார். பிள்ளை இந்த நிமிடம் எந்த இடத்தில் இருக்கிறது என்பது பெரிய கேள்வி அன்று. அதன் மனம் எங்கே இருக்கிறது, எதை விரும்புகிறது, எதை நோக்கிப் போகிறது என்பதே பெற்றோர் கேட்க வேண்டிய கேள்வி என்கிறார். எந்நேரமும் பின்தொடர்ந்து கண்காணிப்பது கல்வி ஆகாது என்றும் எச்சரிக்கிறார்.

அன்பர்களே, இதற்கு ஒரு குடும்பத்தை உங்கள் முன் வைக்க விரும்புகிறேன். சிலுவையையும் ரோஜா மலர்களையும் ஏந்தி நிற்கும் சிறுமலர் தெரேசாவின் சுரூபம் நம் ஆலயங்கள் பலவற்றில் உண்டு. அவருடைய பெற்றோர் லூயி மார்ட்டினும் செலியும் பிரான்சு நாட்டின் அலான்சோன் நகரில் வாழ்ந்தவர்கள். 2015-ஆம் ஆண்டு அக்டோபர் 18-ஆம் நாள் திருத்தந்தை பிரான்சிஸ் கணவன் மனைவி இருவரையும் ஒன்றாகப் புனிதர்களாக உயர்த்தினார். லூயி கடிகாரத் தொழிலாளி. செலி லேஸ் பின்னும் தொழிலைத் தாமே நடத்தியவர். ஊர்ப் பெண்கள் பின்னிய துண்டுகளை வாங்கி, ஒட்டுத் தெரியாமல் ஒன்றாக இணைத்துத் தைப்பது அவருடைய கைவேலை. இரவு வெகுநேரம் வரை வேலை இருக்கும். ஒன்பது பிள்ளைகள் பிறந்தார்கள், நால்வர் சிறு வயதிலேயே இறந்தார்கள். ஆகவே அவரும் வேலைக்காரத் தாய்தான், களைத்துப் போன தாய்தான்.

அந்த வீட்டுப் பிள்ளைகள் எங்கே படித்தார்கள்? மூத்தவர்களான மரியும் பவுலினும் லெ மான் நகரில் கன்னியர் மடத்து விடுதிப் பள்ளியில் படித்தார்கள். கடைக்குட்டி தெரேசா எட்டரை வயது வரை வீட்டில் படித்தார். நான்கரை வயதில் தாயை இழந்த அவருக்கு எழுத்தும் மறைக்கல்வியும் சொல்லிக் கொடுத்தவர் அக்கா பவுலின். லிசியே நகருக்குக் குடும்பம் குடிபெயர்ந்தபோது பவுலினுக்கு வயது பதினாறு. ஆசிரியப் பயிற்சி எதுவும் கிடையாது. தெரேசா உதவியின்றித் தானே வாசித்த முதல் சொல் 'விண்ணகம்' என்பதாம். பிறகு கன்னியர் நடத்திய பள்ளியில் சேர்ந்தார். அங்கே மகிழ்ச்சியாக இல்லை. பதின்மூன்று வயதில் மீண்டும் தனிப்பாடம். விடுதி, வீடு, பள்ளி என மூன்று வழியும் ஒரே குடும்பத்தில் இருந்தன. வழி எதுவானாலும் விசுவாசம் வளர்ந்தது.

ஆனால் அதே வீட்டில் ஒரு பிள்ளை தொலைந்துபோனாள். மூன்றாவது மகள் லெயோனி. அடிக்கடி நோய்வாய்ப்பட்டவள், படிப்பு வராதவள், பிடிவாதக்காரி. விடுதிப் பள்ளியில் சேர்த்தார்கள். வைத்துக்கொள்ள முடியாமல் திருப்பி அனுப்பினார்கள். வீட்டிலும் தாய் சொல் கேட்பதில்லை. செலி அழுதார், செபித்தார், தன் சகோதரிக்குக் கடிதமாக எழுதித் தீர்த்தார். காரணம் புரியவில்லை. 1877-ஆம் ஆண்டில்தான் உண்மை தெரிந்தது. வீட்டுப் பணிப்பெண் அந்தச் சிறுமியை மிரட்டித் தன் சொல்லுக்கு மட்டும் கட்டுப்பட வைத்திருந்தாள். தாயோ அதே கூரையின் கீழ் இருந்தார். அவருடைய தொழிலும் வீட்டிலேயேதான் நடந்தது. புனிதையான தாய், செபிக்கிற தாய், வீட்டிலேயே இருந்த தாய். அவருக்கும் தெரியவில்லை.

வீட்டில் வைத்துப் படிக்க வைக்க விரும்பும் பெற்றோரே, இதை மனத்தில் வையுங்கள். ஒரே வீட்டில் இருப்பது வேறு, பிள்ளையோடு இருப்பது வேறு. கதவை அடைத்துப் பிள்ளையை உள்ளே வைத்துவிட்டால் உலகத்தின் தீமை உள்ளே வராது என்று எண்ணிவிட வேண்டாம். இயேசுவும் ஆசிரியர்கள் நடுவே அமர்ந்து கேட்டார், கேள்வியும் கேட்டார். பிறகு நாசரேத்துக்குப் போய்ப் பெற்றோருக்குப் பணிந்து ஞானத்திலும் உடல் வளர்ச்சியிலும் மிகுந்தார். பிள்ளைக்கு வீடும் வேண்டும், வீட்டுக்கு வெளியே நல்ல ஆசிரியர்களும் தோழர்களும் வேண்டும்.

உண்மை தெரிந்ததும் செலி என்ன செய்தார்? அப்போது அவருக்கு மார்பகப் புற்றுநோய் முற்றியிருந்தது. மருத்துவர்கள் கைவிட்டிருந்தார்கள். அந்த நிலையிலும் லெயோனியைத் தன் பக்கத்திலேயே வைத்துக்கொண்டார். திட்டவில்லை, அன்பாகப் பேசினார். சில வாரங்களில் பிள்ளை தாயை விட்டு அகலாதவளாக மாறினாள். இந்தப் பிள்ளைக்காகவாவது இன்னும் கொஞ்ச காலம் வாழவேண்டும் என்று அந்தத் தாய் ஏங்கினார். ஆகஸ்டு 28-ஆம் நாள் இறைவனடி சேர்ந்தார். அவருக்கு வயது 45. லெயோனிக்குக் கிடைத்தவை சில மாதங்கள்தாம். ஆனால் அவை வீணாகவில்லை. துறவு வாழ்வில் மூன்று முறை சேர்ந்து திரும்பி வந்த லெயோனி, நான்காம் முறை 1899-இல் கான் நகர் மடத்தில் நுழைந்து, 1941-இல் இறக்கும்வரை அங்கேயே நிலைத்திருந்தார். இன்று அவருடைய புனிதர்பட்டப் பணிகளும் நடைபெறுகின்றன.

பெற்றோரே, ஒரு நாள் தூரம் போய்விட்டோமே என்று கலங்குகிறீர்களா? பத்து ஆண்டு தூரமே போயிருக்கலாம். அன்னையும் சூசையப்பரும் திரும்பி நடந்தார்கள். செலியும் திரும்பி நடந்தார். உங்கள் பிள்ளை பத்தாம் வகுப்பில் இருந்தாலும், கல்லூரியில் இருந்தாலும், திரும்பி நடக்க இன்னும் நேரம் இருக்கிறது.

எப்படித் திரும்புவது? இணைச்சட்ட நூல் ஆறாம் அதிகாரத்தில் மோசே வழி சொல்கிறார். இறைவனின் கட்டளைகளைப் பிள்ளைகளுக்கு எப்போது எடுத்துச் சொல்லவேண்டும்? வீட்டில் இருக்கும்போது, வழியில் நடக்கும்போது, படுக்கும்போது, எழும்பும்போது. கவனியுங்கள், இந்த நான்கில் ஒன்றுகூடப் பாடவேளை அன்று. எட்டாம் வகுப்பு படித்த தாய்க்கும் இந்த நான்கு வேளையும் உண்டு.

வீட்டில் இருக்கும்போது: லிசியே வீட்டில் மாலை நேரத்தில் காய் நகர்த்தி விளையாடுவார்கள், அக்காமார் நல்ல நூல் வாசிப்பார்கள், தந்தை பாடுவார், பிறகு எல்லாரும் சேர்ந்து செபிப்பார்கள். தந்தை செபிக்கும் முகத்தைப் பார்த்தே புனிதர்கள் எப்படிச் செபிப்பார்கள் என்று தெரிந்துகொண்டதாகத் தெரேசா பின்னாளில் எழுதினார். தகப்பன்மாரே, நீங்கள் முழந்தாளிட்டு உங்கள் பிள்ளை பார்த்திருக்கிறதா?

வழியில் நடக்கும்போது: பாடம் முடிந்தபின் லூயி மகளை உலாவ அழைத்துப் போவார். போகிற வழியில் ஓர் ஆலயத்தில் நற்கருணை நாதரைச் சந்திப்பார்கள். ஏழைகளைக் கண்டால் காசைக் கொடுப்பது சிறுமியின் வேலை. உங்கள் வண்டியின் பின்னால் பிள்ளை உட்கார்ந்து வரும் பத்து நிமிடம் போதும். மதிப்பெண் தவிர வேறு ஏதாவது பேசுங்கள்.

படுக்கும்போது: இன்று நான் நல்ல பிள்ளையாக இருந்தேனா, கடவுளுக்கு என்னைப் பிடித்திருக்குமா என்று தெரேசா இரவில் அக்காவிடம் கேட்பாராம். ஆம் என்ற பதில் வந்தால்தான் உறக்கம். இரவு ஒன்பதரைக்குக் கடையிலிருந்து வரும் தாயே, தூங்கப் போகும் பிள்ளையின் நெற்றியில் சிலுவை அடையாளம் வரைய அரை நிமிடம் போதும்.

எழும்பும்போது: லூயியும் செலியும் அதிகாலைத் திருப்பலிக்குப் போவார்கள். தினமும் காலையில் இதயத்தை இறைவனுக்கு ஒப்புக்கொடுக்கப் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுத்தார் செலி. நம் வீட்டில் காலையில் பிள்ளை கேட்கும் முதல் சொல் எது? "இன்னும் தூங்குறியா, மணி என்ன ஆச்சு?" என்பதுதானே? நாளைக்கு அதை மாற்றிப் பாருங்கள்.

உங்கள் பிள்ளைக்குத் திருமுழுக்குக் கொடுத்த நாளில், விசுவாசத்தில் அதன் முதல் ஆசிரியர்கள் நீங்களே என்று சொல்லித் திருஅவை உங்களை ஆசீர்வதித்தது. உங்கள் படிப்பை அது கேட்கவில்லை, சம்பளத்தைக் கேட்கவில்லை. அந்த ஆசீர் இன்றும் உங்கள்மேல் இருக்கிறது. ஆகவே வருகிற ஏழு நாள்களுக்கு ஒரு சிறு முயற்சி. பள்ளி திறக்கும் முன், ஒவ்வொரு பிள்ளையோடும் தனித்தனியே அரை மணி நேரம் செலவிடுங்கள். செல்போன் பக்கத்தில் வேண்டாம். அறிவுரை வேண்டாம். "உனக்கு எதுக்கெல்லாம் பயமா இருக்கு?" என்று கேட்டுவிட்டுக் காது கொடுங்கள். வீட்டில் அதிகம் திட்டு வாங்கும் பிள்ளையிடமிருந்து தொடங்குங்கள்.

செபிப்போமாக. எருசலேம் தெருக்களில் பிள்ளையைத் தேடி அலைந்த அன்னை மரியே, புனித சூசையப்பரே, எங்கள் அருகிலேயே தொலைந்துபோயிருக்கும் பிள்ளைகளைத் தேடிக் கண்டுபிடிக்க எங்களுக்குத் துணை செய்யுங்கள். புனித லூயியே, புனித செலியே, களைத்துப் போன பெற்றோருக்காக மன்றாடுங்கள். எல்லாம் வல்ல இறைவன், தந்தை, மகன், தூய ஆவியார் உங்கள் குடும்பங்களை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.