வெயிலில் நிரம்பும் பவர் பேங்க்

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியது. மின்கம்பங்கள் சாய்ந்து, டெல்டாவில் பல ஊர்கள் வாரக்கணக்கில் இருட்டில் கிடந்தன. வெளியூர்ப் பிள்ளைகளிடம் ‘நல்லா இருக்கோம்’ என்று சொல்லக்கூட செல்போனில் சார்ஜ் இல்லை. வெயில் மட்டும் இருந்தது.

10 வாட் சோலார் தகடு ஒன்று இருந்தால், பவர் பேங்கை நேராக வெயிலிலேயே நிரப்பிக்கொள்ளலாம். ஆனால் கவனம்! ‘12 வோல்ட்’ என்று எழுதியிருக்கும் தகடு, சுமை இல்லாதபோது நல்ல வெயிலில் 20 வோல்ட்டையும் தாண்டும். சாதாரண பவர் பேங்க் கேட்பது 5 வோல்ட். நேரே ஒயரைச் சேர்த்தால் அது போய்விடும். நடுவில் 5 வோல்ட்டாக இறக்கித் தரும் சின்ன கன்வெர்ட்டர் கட்டாயம் வேண்டும். யூ.எஸ்.பி. துளையோடு வரும் தகடுகளில் அது சேர்ந்தே இருக்கும்.

10,000 எம்.ஏ.எச். பவர் பேங்கில் அடங்குவது சுமார் 37 வாட்-மணி. தகடு நடைமுறையில் 6, 7 வாட்தான் தரும். வழியில் இழப்பும் உண்டு. ஆக, ஒரு பகல் முழுக்க வெயில் வேண்டும். தகட்டிலுள்ள செல்கள் சங்கிலிபோல் கோத்திருப்பதால், ஒரு தென்னங்கீற்றின் நிழல் விழுந்தாலே மின்சாரம் சட்டென்று சரியும்.

பலர் தவறவிடுவது இதைத்தான்: தகடு வெயிலில், பவர் பேங்க் நிழலில். லித்தியம் பேட்டரியை 45 டிகிரிக்கு மேல் சூடான நிலையில் சார்ஜ் செய்யக் கூடாது. சித்திரை மாத மொட்டை மாடித் தரை அதைவிடச் சுடும். காற்றோட்டமான நிழலில் வையுங்கள். மேகம் கடந்தபின் சில பவர் பேங்குகளில் சார்ஜ் ஏறாமலே நின்றுவிடும். ஒயரைக் கழற்றி மறுபடி மாட்டிப் பாருங்கள், ஏறும்.