பீஸ் கோணினால் பழி யாருக்கு?

(முகப்பேரில் நடந்த கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் கள ஒருங்கிணைப்பாளர் பேசியது)



இன்னிக்கு சேமிப்பு, உள்கடன் பற்றி நான் பேசப் போவதில்லை. நம்ம பொண்ணுங்க பார்க்கிற வேலையைப் பற்றிப் பேசப் போகிறேன்.

1964-இல் தொடங்கிய அம்பத்தூர் தொழிற்பேட்டை நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. 2006-இல் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா ஆலை வந்தபோது ஆயிரக்கணக்கான பெண்பிள்ளைகள் செல்போன் செய்யப் போனார்கள். 2014-இல் அதை மூடிவிட்டார்கள். ஆனாலும் எலக்ட்ரானிக் போர்டு செய்யும் வேலை இந்தப் பக்கம் நின்றுபோகவில்லை. நம் குழு வீடுகளிலிருந்தும் பிள்ளைகள் போகிறார்கள்.

போன வருஷம் நம் உறுப்பினர் ஒருவரின் மகள் அழுதுகொண்டே வந்தாள். "அக்கா, போர்டுல பீஸ் எல்லாம் கோணலா உட்காருது. நான் ரீல் சரியா மாட்டலைன்னு ரெண்டு நாள் சம்பளம் பிடிப்பாங்களாம்" என்றாள். நான் படித்தது சமூகப்பணி. மெஷினைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? இதே வேலையில் பல வருஷம் இருந்த ஒரு அக்காவிடம் அவளை அழைத்துப் போனேன். அவர் முதலில் எங்களுக்கு மெஷினைப் புரிய வைத்தார்.

போர்டில் வைக்கும் பீஸ் கடுகைவிடச் சின்னது. 1.6 மில்லிமீட்டர் நீளம், 0.8 அகலம், அதைவிடச் சிறியதும் உண்டு. அது ரீலில் வரிசையாக இருக்கும். ரீலை மாட்டும் ஃபீடர், பீஸை ஒவ்வொன்றாக முன்னே தள்ளும். நாம் ஸ்ட்ராவில் உறிஞ்சுவது போல, நாசில் என்ற சின்னக் குழாய் காற்றை உறிஞ்சி பீஸைத் தூக்கும். கீழிருந்து கேமரா பார்க்கும். நடு எங்கே, எவ்வளவு திரும்பியிருக்கிறது என்று கணக்குப் போட்டு, மெஷின் அதைச் சரிசெய்து பேஸ்ட் மேல் வைக்கும். இதில் எந்த இடத்தில் பிசகினாலும் பீஸ் கோணும்.

"எந்த பீஸ்? எந்தப் பக்கம் நகருது? எல்லா போர்டிலயுமா?" இந்த மூன்றையும் கேட்டாலே பாதி விடை வந்துவிடும் என்றார் அக்கா.

எல்லா பீஸும் ஒரே பக்கம் நகர்ந்திருந்தால், போர்டு சரியாகப் பிடிக்கப்படவில்லை. அல்லது போர்டில் உள்ள அடையாளப் புள்ளியை கேமரா தவறாகப் படித்திருக்கிறது.

ஒரே ஒரு இடம் மட்டும், எல்லா போர்டிலும் ஒரே அளவு நகர்ந்திருந்தால், புரோகிராமில் அந்த இடத்தின் அளவைப் பார்க்க வேண்டும்.

ஒரே வகை பீஸ் சில சமயம் சரியாகவும், சில சமயம் ஒவ்வொரு விதமாகக் கோணலாகவும் வந்தால், நாசில் அடைப்பு, தேய்மானம், ஃபீடர் கோளாறு, மெஷினில் பதிந்த பீஸ் அளவு ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்க்கணும். இரண்டையும் சேர்த்து மாற்றினால் எது காரணம் என்றே தெரியாது.

அடுப்புக்குள் போகும் முன் நேராக இருந்து, வெளியே வரும்போது எழுந்து நின்றால், பீஸ் வைத்ததில் தப்பில்லாமல் இருக்கலாம். இருபக்கமும் பேஸ்ட் சமமாக விழாவிட்டாலோ, ஒரு பக்கம் முதலில் உருகினாலோ, அந்தப் பக்கம் பீஸை இழுத்து நிறுத்திவிடும். அதனால் அடுப்புக்கு முன்னாலேயே லென்ஸ் வைத்துப் பார்ப்பது அவசியம்.

நம்ம பொண்ணு சொன்னது மூன்றாவது வகை. "நாசில் நுனியைப் பார்க்கச் சொல்லும்மா" என்றார் அக்கா. மறுநாள் டெக்னீஷியன் கழற்றிப் பார்த்தால், பேஸ்ட் ஒட்டி அடைத்திருந்தது! சுத்தம் செய்ததும் சரியாகிவிட்டது. சம்பளமும் பிடிக்கவில்லை.

சகோதரிகளே, உங்கள் பிள்ளைகளிடம் மூன்று விஷயம் சொல்லுங்கள்.

ஒன்று, ஓடுகிற மெஷினுக்குள் கை விடக் கூடாது. கோணிய பீஸை விரலால் தள்ளி மறைக்கவும் கூடாது.

இரண்டு, சின்ன நோட்டு வைத்துக்கொள்ளணும். நேரம், எந்த பீஸ், எந்தப் பக்கம், எத்தனை போர்டு, யாரிடம் சொன்னேன் என்று எழுதணும். குழுவில் நாம் கணக்கு எழுதுகிறோமே, அது மாதிரிதான்.

மூன்று, சேதம் என்று சொல்லி நினைத்தபடி சம்பளம் பிடிக்க முடியாது. தொழிலாளியின் கவனக்குறைவால்தான் சேதம் வந்தது என்று இருக்க வேண்டும். விளக்கம் சொல்ல அவருக்கு வாய்ப்பும் தரவேண்டும். 1936-ஆம் வருஷத்து ஊதியச் சட்டமும் இதைச் சொன்னது. 2019-இல் இயற்றிய ஊதியச் சட்டத் தொகுப்பும் சொல்கிறது. அப்படி விளக்கம் சொல்லும்போது அந்த நோட்டுதான் கைகொடுக்கும்.

பிள்ளை அழுதுகொண்டு வந்தால், "நீ என்ன பண்ணினே?" என்று கேட்காதீர்கள். "எந்த பீஸ், எந்தப் பக்கம்?" என்று கேளுங்கள். அடுத்த கூட்டத்துக்கு வேலைக்குப் போகும் பிள்ளைகளையும் அழைத்து வாருங்கள். அந்த அக்காவையும் கூப்பிடலாம்.