ஆட்டிசம் உள்ள பிள்ளைக்கு: சான்றிதழ், பள்ளி, சலுகைகள்

(நமது சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் குடியிருப்பாளர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)



என் மகனுக்கு ஆட்டிசம் இருப்பது உங்களில் பலருக்குத் தெரியும். இப்போது அவனுக்கு 14 வயது. அதனால், புதிதாக இந்த விஷயம் தெரியவந்த பெற்றோர்கள் என்னைத் தேடி வந்து பேசுவார்கள். அவர்கள் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: "சான்றிதழ் வாங்கினால் பிள்ளை மேல் முத்திரை விழுந்துவிடாதா?"

என் பதில் இது. சான்றிதழ் உங்கள் பீரோவில் இருக்கும். அதை எப்போது, யாரிடம் காட்டுவது என்பது உங்கள் விருப்பம். ஆனால் அது கையில் இல்லாவிட்டால் பள்ளியிலும் தேர்விலும் வரியிலும் எதையும் கேட்க முடியாது. "கொஞ்ச நாள் பார்க்கலாம், பேச்சு வந்துடும்" என்று பாட்டி தாத்தா சொல்வார்கள். பேச்சு வரட்டும், சந்தோஷம். சான்றிதழும் இருக்கட்டும்.

சான்றிதழ் வாங்குவது

2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது. ஆட்டிசம் அதில் ஒன்று. அரசுத் தமிழ்ப் படிவங்களில் இதைப் 'புற உலகச் சிந்தனையற்ற' என்று போட்டிருப்பார்கள்; வார்த்தையைப் பார்த்துக் கலங்க வேண்டாம்.

மத்திய அரசின் 'ஸ்வாவலம்பன்' இணையதளத்தில் யு.டி.ஐ.டி. அட்டைக்கு விண்ணப்பிக்க வேண்டும். பிள்ளையின் போட்டோ, ஆதார், முகவரிச் சான்று போதும். பிறகு அரசு மருத்துவமனையில் பரிசோதனை. அங்கே ஐ.எஸ்.ஏ.ஏ. என்ற 40 கேள்விகள் கொண்ட அளவுகோலை வைத்து மதிப்பிடுவார்கள். பாதிப் பதில்கள் பெற்றோர் சொல்வதிலிருந்துதான் வரும். டாக்டர் முன்னால் பிள்ளையை விட்டுக்கொடுக்கக் கூடாது என்று "எல்லாம் நல்லாவே செய்வான்" என்று சொல்லிவிடாதீர்கள். கஷ்டமான நாளில் எப்படி இருப்பான் என்பதையும் சொல்லுங்கள். தெரபி ரிப்போர்ட்டுகளைத் தேதிவாரியாக ஒரு ஃபைலில் எடுத்துப் போங்கள்.

40 சதவீதம் என்பதுதான் முக்கியமான எல்லை. பெரும்பாலான சலுகைகள் அதிலிருந்துதான் தொடங்குகின்றன. சிறு குழந்தைகளுக்குத் தற்காலிகச் சான்று தந்திருந்தால், அதன் கடைசித் தேதியைக் காலண்டரில் குறித்து வையுங்கள்.

பள்ளியில் கேட்க வேண்டியவை

அரசு நிதி பெறும் பள்ளியோ, அரசு அங்கீகாரம் பெற்ற பள்ளியோ, பாகுபாடு காட்டாமல் பிள்ளையைச் சேர்க்க வேண்டும் என்கிறது சட்டத்தின் 16-வது பிரிவு. 40 சதவீதமும் அதற்கு மேலும் உள்ள பிள்ளைக்கு 6 முதல் 18 வயது வரை அருகிலுள்ள பள்ளியிலோ, விரும்பும் சிறப்புப் பள்ளியிலோ இலவசக் கல்வி பெறும் உரிமை உண்டு என்கிறது 31-வது பிரிவு.

ஒரு பள்ளியில் எங்களிடம் "இந்த மாதிரிப் பிள்ளைகளை நாங்கள் எடுப்பதில்லை" என்று வாய்மொழியாகச் சொன்னார்கள். "அதை எழுத்தில் கொடுங்கள்" என்று கடிதம் கொடுத்தோம். எழுத்தில் தரவில்லை, பேச்சின் தொனி மட்டும் மாறியது. அன்று முதல் எதைக் கேட்டாலும் கடிதமாகவே கேட்கிறோம், நகலில் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்து வாங்குகிறோம். எதுவுமே நடக்காதபோது மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையரிடம் புகார் செய்யலாம். அப்போது இந்த நகல்கள்தான் பேசும்.

கேட்கும்போது "என் பையனைக் கவனிச்சுக்கோங்க" என்று பொதுவாகக் கேட்டால் பலன் இல்லை. ஆசிரியருக்குப் பக்கத்தில் இடம், ஒரு நேரத்தில் ஒரே கட்டளை, அன்றைய பாடவேளைகள் படமாக, சத்தம் தாங்காதபோது ஐந்து நிமிடம் வெளியே உட்கார அனுமதி என்று வரிசையாக எழுதுங்கள். இதில் எதற்கும் பள்ளிக்குப் பெரிய செலவு இல்லை. அரசுப் பள்ளியில் படித்தால், வட்டார வள மையத்தின் சிறப்புப் பயிற்றுநர் உதவியைத் தலைமையாசிரியர் மூலம் கேளுங்கள்.

பொதுத்தேர்வில் கூடுதல் நேரம் உண்டு, சி.பி.எஸ்.இ.யில் 3 மணி நேரத் தாளுக்கு 60 நிமிடம். சொல்வதை எழுத ஸ்கிரைப் வைத்துக்கொள்ளலாம். ஆனால் பத்தாம் வகுப்பு டிசம்பரில் ஓடாதீர்கள். ஒன்பதாம் வகுப்புப் பதிவின்போதே பள்ளியிடம் சான்றிதழைக் கொடுத்துவிடுங்கள்.

பண உதவிகள்

வருமான வரியில், பழைய முறையைத் தேர்ந்தெடுப்பவர்களுக்கு 75,000 ரூபாய்க் கழிவு உண்டு. 80 சதவீதமும் மேலும் என்றால் 1,25,000. 80டிடி என்று சொன்னால் ஆடிட்டருக்குப் புரியும். ஆட்டிசத்துக்குத் தனிப் படிவத்தில் டாக்டர் கையெழுத்து வேண்டும்.

தேசிய அறக்கட்டளையின் 'நிராமயா' காப்பீடு ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வரை தருகிறது. வழக்கமான காப்பீடுகள் ஒதுக்கும் தெரபி செலவுக்கும் இதில் இடம் உண்டு. மாநில அரசின் பராமரிப்பு உதவித்தொகைக்கு மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விசாரியுங்கள். மத்திய அரசு ஊழியர்கள் வழக்கமான இடமாற்றத்திலிருந்து விலக்குக் கோரலாம். கிழக்குக் கடற்கரைச் சாலையில் முட்டுக்காட்டில், பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்கான மத்திய அரசு நிறுவனம் இருக்கிறது. பரிசோதனைக்கும் தெரபிக்கும் அங்கே போகலாம்.

பிள்ளைக்கு 18 வயது ஆனதும் சட்டப்படி அவன் தனி ஆள். பேங்க், சொத்து விஷயங்களில் நீங்கள் கையெழுத்துப் போட, கலெக்டர் தலைமையிலான உள்ளூர்க் குழுவிடம் சட்டப்பூர்வ பாதுகாவலர் நியமனம் பெற வேண்டியிருக்கும்.

அக்கம்பக்கத்தாருக்கு

லிஃப்டில் ஒரு பிள்ளை காதைப் பொத்திக்கொண்டு கத்தினால், "வளர்ப்பு சரியில்லை" என்று முகம் சுளிக்காதீர்கள். அறிவுரையும் வேண்டாம். கதவைப் பிடித்துக்கொண்டு நின்றால் போதும். பண்டிகைக்கு மைக் செட் வைக்கும் நேரத்தை முந்தின நாளே வாட்ஸ்அப் குழுவில் போட்டால், நாங்கள் பிள்ளையைத் தயார் செய்துகொள்வோம். விளையாட்டுத் திடலில் உங்கள் பிள்ளையிடம் "அவனையும் சேர்த்துக்கோ" என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். சான்றிதழ் வைத்து இதை யாரிடமும் கேட்டு வாங்க முடியாது.

விண்ணப்பத்தில் உதவி வேண்டியவர்கள் சங்க அலுவலகத்தில் சொல்லுங்கள். ஞாயிறு காலைகளில் உட்கார்ந்து நிரப்பலாம்.