'சர்வர் பிஸி' என்றால் என்ன? மூன்று எண்கள் சொல்லும் சேதி



"சர்வர் பிஸிங்க, அப்புறம் வாங்க." சேவை மையங்களில் அடிக்கடி கேட்கிற வார்த்தை இது. வருமானச் சான்றிதழுக்கு வந்தவருக்கு அது அரைநாள் கூலி. கல்லூரி விண்ணப்பத்துக்குக் கடைசி நாள் என்றால், ஒரு வருடமே போய்விடும். ஆகவே சர்வர் நிஜமாகவே பிஸியா, எதனால் பிஸி என்று கண்டுபிடிப்பது, அதைப் பராமரிக்கிற உங்கள் பொறுப்பு. லினக்ஸ் சர்வரில் அதற்கு முதல் துப்பு, லோடு ஆவரேஜ் என்கிற சுமைச் சராசரி.

'அப்டைம்' என்ற கட்டளையைக் கொடுங்கள். வரியின் கடைசியில் 7.80, 4.10, 2.05 என்பது போல மூன்று எண்கள் வரும். முதல் எண் கடந்த 1 நிமிடத்துக்கு, அடுத்தது 5 நிமிடத்துக்கு, மூன்றாவது 15 நிமிடத்துக்கு. இது சதவீதம் இல்லைங்க. இது ஆள் கணக்கு.

ரேஷன் கடையை நினைத்துக்கொள்ளுங்கள். பில் போடும் இடங்கள் நான்கு. வந்திருப்பவர்கள் எட்டுப் பேர். நான்கு பேருக்கு வேலை நடக்கிறது, நான்கு பேர் நிற்கிறார்கள். சுமை 8. இங்கே பில் போடும் இடம் என்பது சிபியு கோர். உங்கள் சர்வரில் எத்தனை கோர் என்பதை 'என்ப்ராக்' கட்டளை சொல்லும். அது தெரியாமல் சுமை எண்ணை மட்டும் பார்த்துப் பயன் இல்லை. 4 கோரில் 8 என்றால் நெரிசல். அதே 8, 16 கோர் இருந்தால் பாதிக்கடை காலி!

அடுத்து, எண்களை ஒன்றோடு ஒன்று ஒப்பிடுங்கள். 7.80, 4.10, 2.05 என்றால் கூட்டம் இப்போதுதான் ஏறுகிறது. 2.05, 4.10, 7.80 என்றால் வடிகிறது, கொஞ்சம் பொறுக்கலாம்.

இது சாதாரணச் சராசரியும் அல்ல. புதிய கணக்குக்கு மதிப்பு அதிகம், பழையது மெல்லத் தேயும். சும்மா இருந்த கணினியில் ஒரே ஒரு வேலையை விடாமல் ஓட்டினால், ஒரு நிமிடம் கழித்து முதல் எண் 1 ஆகாது, சுமார் 0.62 தான் காட்டும். அதனால் திடீர் நெரிசல் இந்த எண்ணில் கொஞ்சம் தாமதமாகத்தான் தெரியும்.

இப்போது முக்கியமான விஷயம். சுமைச் சராசரி பழைய சங்கதி. 1973-லேயே டெனெக்ஸ் கணினிகளில் இருந்தது. பல யூனிக்ஸ்களில் சிபியுவில் ஓடுகிற, அதற்குக் காத்திருக்கிற வேலைகள் மட்டுமே கணக்கு. லினக்ஸில் 1993-ல் ஒரு மாற்றம் வந்தது. டிஸ்க் போன்றவற்றிடமிருந்து பதில் வரும்வரை அசைய முடியாமல் நிற்கிற வேலைகளையும் சேர்த்தார்கள். அதாவது, பில் போட்டாகிவிட்டது, குடோனிலிருந்து அரிசி வரவில்லை. அந்த ஆளும் கணக்கில் உண்டு.

ஆகவே 4 கோர் சர்வரில் சுமை 20 காட்டும், ஆனால் சிபியு பெரும்பாலும் சும்மா இருக்கும். இப்படி நடக்கும்போது "கோர் பத்தலை, பெரிய சர்வர் வாங்கணும்" என்று கோப்பு எழுதிவிடாதீர்கள். அரிசி வராத கடையில் இன்னொரு பில் இயந்திரம் வைத்து என்ன லாபம்?

எது காரணம் என்று பார்க்க, 'விஎம்ஸ்டாட் 1' கொடுங்கள். முதல் வரியை விட்டுவிடுங்கள். அது சர்வர் தொடங்கியதிலிருந்து வந்த சராசரி. அடுத்த வரிகளில் 'ஆர்' பத்தி கோர் எண்ணிக்கையைத் தாண்டியே இருந்தால் சிபியு நெரிசல். 'பி' பத்தி ஏறியிருந்தால் டிஸ்க்கையோ, நெட்வொர்க் வழியாக இணைத்த சேமிப்பையோ சோதியுங்கள். வேலை நேரத்தில் ஓடும் பேக்கப்பும் காரணமாக இருக்கலாம். அதை இரவுக்கு மாற்றினாலே போதும்.

எடுத்த எடுப்பில் ரீஸ்டார்ட் மட்டும் வேண்டாம். பாதியில் நிற்கிற விண்ணப்பங்கள் அறுந்துபோகலாம், காரணத்தின் தடயமும் அழிந்துவிடும்.

நாளையிலிருந்து ஒன்று செய்யுங்கள். காலை 10, மதியம் 1, மாலை 4 மணிக்கு இந்த மூன்று எண்களையும் ஒரு நோட்டில் குறியுங்கள். ஒரு மாதத்தில் உங்கள் சர்வரின் வழக்கமான சுமை எவ்வளவு என்று தெரிந்துவிடும். அப்புறம் மையத்திலிருந்து போன் வந்தால், "பிஸி" என்று சொல்லாமல், "இருபது நிமிஷத்துல சரியாகும், அவரை உட்காரச் சொல்லுங்க" என்று சொல்ல உங்களுக்குக் கணக்கு இருக்கும்.