முதல் 24 மணி நேரம்

(பொதுமக்களுக்கான சட்ட விளக்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



இரவு 2 மணிக்குக் கைப்பேசி அடிக்கிறது. "ஆன்ட்டி, உங்க மகன போலீஸ் புடிச்சிட்டாங்க" என்கிறான் மகனின் கூட்டாளி. எந்த பாலாய், என்ன கேஸ் என்று அவனுக்கும் தெரியவில்லை. நீங்கள் என்ன செய்வீர்கள்?

நான் பார்த்த ஒரு தாய் சாமி படத்துக்கு முன் உட்கார்ந்து அழுதார். விடிந்ததும் வழக்கம்போல் தொழிற்சாலைக்குப் போய்விட்டார். "ஒரு நாள் வேலை போனா சம்பளம் போயிடும், விசாரிச்சிட்டு விட்டுருவாங்கன்னு நெனச்சேன் சார்" என்றார். அவர் என்னிடம் வந்தது மூன்றாவது நாள். அதற்குள் மகனை மாஜிஸ்திரேட் முன் நிறுத்தி, நான்கு நாள் தடுப்புக் காவலும் வாங்கிவிட்டார்கள். அந்தப் பையனுக்காகப் பேச அங்கே ஒருவரும் இல்லை. அந்தத் தாயை நான் குறை சொல்லவில்லை. அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை. அதற்காகத்தான் இன்று வந்திருக்கிறேன்.

நம் நாட்டின் கூட்டரசு அரசியலமைப்பு 5-ஆவது பிரிவு தெளிவாகச் சொல்கிறது. கைது செய்யப்பட்டவருக்கு ஏன் கைது என்ற காரணத்தைச் சொல்ல வேண்டும். அவர் விரும்பும் வழக்கறிஞரைக் கலந்து பேச விட வேண்டும். பயண நேரம் நீங்கலாக, 24 மணி நேரத்திற்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். இது யாரும் போடும் பிச்சையல்ல. இந்த நாட்டின் தலையாய சட்டம்.

மாணவர்களே, 1975-இல் ஊய் ஆ புவா வழக்கில் கூட்டரசு நீதிமன்றம் சொன்னது உங்களுக்குத் தெரிந்திருக்கும். வழக்கறிஞரைப் பார்க்கும் உரிமை கைதானவுடனே தொடங்குகிறது, ஆனால் உடனே அதைப் பயன்படுத்த முடியாமல் போகலாம் என்றது. அந்த இடைவெளியில்தான் நம் பிள்ளைகள் பலர் தனியாக விடப்பட்டார்கள். 2007 செப்டம்பரில் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 28ஏ பிரிவு நடப்புக்கு வந்தது. அதன்படி, விசாரணையைத் தொடங்கும் முன்பே, குடும்பத்தாருக்கோ நண்பருக்கோ வழக்கறிஞருக்கோ தகவல் சொல்லலாம் என்று போலீஸ் எடுத்துச் சொல்ல வேண்டும். வழக்கறிஞர் வருவதற்கு நியாயமான நேரமும் தர வேண்டும். விதிவிலக்கு உண்டு: கூட்டாளி தப்பிவிடுவான், ஆதாரம் அழிந்துவிடும் போன்ற காரணங்களுக்காக மறுக்கலாம். ஆனால் அதற்கு டி.எஸ்.பி. அல்லது அதற்கு மேல் பதவியில் உள்ளவர் அனுமதி தர வேண்டும், காரணத்தையும் பதிவு செய்ய வேண்டும். "இப்போ முடியாது" என்று கவுண்டரில் சொன்னால், "யார் அனுமதி கொடுத்தது?" என்று பணிவாகக் கேளுங்கள்.

அடுத்தது ரிமாண்ட். 117-ஆவது பிரிவின் கணக்கை வீட்டில் எழுதி வையுங்கள். 14 ஆண்டுக்குக் குறைந்த சிறைத் தண்டனைக்குரிய குற்றம் என்றால் முதலில் அதிகபட்சம் 4 நாள், பிறகு 3 நாள். 14 ஆண்டோ அதற்கு மேலோ, அல்லது மரண தண்டனையோ விதிக்கக்கூடிய குற்றம் என்றால் முதலில் 7 நாள், பிறகு 7 நாள். இவை உச்ச வரம்புகள். போலீஸ் கேட்டதை எல்லாம் அப்படியே கொடுத்தாக வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. கைதானவரோ அவருடைய வழக்கறிஞரோ பேச மாஜிஸ்திரேட் அனுமதிக்க வேண்டும் என்று அதே பிரிவு கட்டளையிடுகிறது. "பரீட்சை இருக்கிறது, ஆஸ்துமா இருக்கிறது, வாக்குமூலம் எடுத்தாகிவிட்டது" என்று ஒருவர் சொன்னால் 4 நாள் 1 நாளாகக் குறையலாம். சொல்ல ஆள் இல்லையென்றால்?

இளம் வழக்கறிஞர்களுக்கு ஒரு வார்த்தை. ஒரு பாலாயில் ரிமாண்ட் முடிந்து, வாசலிலேயே வேறொரு பாலாய்க்காரர்கள் மீண்டும் கைது செய்வதைப் பார்த்திருக்கிறோம். தொடர் ரிமாண்ட் என்கிறோம். அங்கே உங்கள் ஆயுதம் தேதிகள்தான். முன்பு எத்தனை நாள், எந்தப் பிரிவில், எந்தப் பாலாயில் என்று பட்டியல் போட்டு மாஜிஸ்திரேட் முன் வையுங்கள். அந்தப் பட்டியலை உங்களுக்குத் தரக்கூடியவர் அந்தப் பிள்ளையின் தாய். ஆகவே தாய்மார்களே, பள்ளிக் கொப்பி ஒன்றில் எழுதுங்கள்: கைதான நாள், நேரம், பாலாய், விசாரணை அதிகாரியின் பெயர், சட்டப் பிரிவு. அந்தக் கொப்பி ஒரு வழக்கறிஞருக்குச் சமம்.

2012-இல் வந்த சொஸ்மா சட்டம் வேறு பாதை. அது 28 நாள் வரை தடுத்து வைக்க வழி வைத்தது. வழக்கறிஞரைப் பார்ப்பதையும் 48 மணி நேரம் வரை தள்ளிப்போட இடம் கொடுத்தது. குண்டர் கும்பல் வழக்குகளில் நம் இளைஞர்கள் பலர் இதில் சிக்கினார்கள். எந்தச் சட்டத்தில் கைது என்பதை முதலில் கேட்பது இதனால்தான்.

"வக்கீலுக்குக் காசு ஏது?" என்பீர்கள். ஒய்.பி.ஜி.கே. என்ற தேசிய சட்ட உதவி அறவாரியம் 2012 ஏப்ரல் முதல் கைது, ரிமாண்ட் கட்டங்களில் குடிமக்களுக்கு இலவசமாக வழக்கறிஞரை அனுப்பி வருகிறது. சிவப்பு அடையாள அட்டை உள்ளவர்கள் வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையத்தைக் கேட்டுப் பாருங்கள். "மூவாயிரம் வெள்ளி கொடு, வெளியே எடுக்கிறேன்" என்று வரும் ஏஜெண்டிடம் தாலியை அடகு வைத்துக் கொடுக்காதீர்கள்.

பிள்ளைகளுக்கும் சொல்லி வையுங்கள். பெயர், முகவரி, ஐ.சி. கொடுக்க வேண்டும். கைகலப்பு கூடாது, ஓடக் கூடாது. ஆனால் தன்னைக் குற்றத்தில் மாட்டிவிடும் கேள்விக்குப் பதில் சொல்ல மறுக்கலாம். படித்துப் பார்க்காத தாளில் கையெழுத்து வேண்டாம். அடி விழுந்திருந்தால் மாஜிஸ்திரேட்டிடம் வாய் திறந்து சொல்ல வேண்டும். 18 வயதுக்குக் குறைந்தவர் என்றால், 2001-ஆம் ஆண்டு சிறார் சட்டப்படி பெற்றோருக்கு உடனே தகவல் தர வேண்டும்.

2009 ஜனவரியில் 22 வயது குகன் சுபாங் ஜெயா வட்டாரத்தில் போலீஸ் காவலில் இறந்தார். 2013-இல் உயர் நீதிமன்றம் அக்குடும்பத்திற்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. தீர்ப்பு வந்தது, பிள்ளை வரவில்லை. 2023 ஜூலையில் போலீஸ் நடத்தை மீதான சுயேச்சை ஆணையம் செயல்படத் தொடங்கியது. அங்கே புகார் கொடுக்கலாம், சுஹாகாமிலும் கொடுக்கலாம். ஆனால் புகார் என்பது நடந்து முடிந்த பிறகு. பிள்ளையைக் காப்பது அந்த முதல் நாள்தான்.

ஆகவே இரவு 2 மணிக்குக் கைப்பேசி அடித்தால் விடியும்வரை காத்திருக்காதீர்கள். பாலாய் பாலாயாகக் கேளுங்கள், கொப்பியில் எழுதுங்கள், சட்ட உதவிக்கு அழையுங்கள், ரிமாண்ட் நடக்கும் இடத்தில் போய் நில்லுங்கள். ஒரு நாள் சம்பளம் போனால் போகட்டும். நம் பிள்ளைக்குப் பின்னால் ஆள் இருக்கிறது என்று தெரிந்தாலே பாதிப் பாதுகாப்பு.

வீட்டுக்குப் போனதும் இதைப் பக்கத்து வீட்டுக்கும் சொல்லுங்கள்.