தோல் சோபாவுக்குப் பேரம்

தோல் சோபா வாங்கப் போகிறவர்கள் விலைச்சீட்டைப் பார்த்ததுமே "எவ்வளவு குறைப்பீர்கள்?" என்று தொடங்கிவிடுகிறார்கள். குறைப்பதற்கென்றே ஏற்றி எழுதிய விலையாக இருந்தால், அந்தப் பேரத்தில் யாருக்கு லாபம்? முதலில் கேட்க வேண்டியது, எந்தத் தோல், எந்தெந்த இடத்தில் என்பதுதான். மாட்டுத்தோலின் மேலடுக்குதான் உறுதி, அடியடுக்கு மலிவு. தோல் துகளைப் பசையோடு சேர்த்து அழுத்திச் செய்யும் 'பாண்டட் லெதர்' சில ஆண்டுகளிலேயே செதில் செதிலாக உரியக்கூடியது. உட்காரும் இடத்தில் மட்டும் அசல் தோல், பக்கங்களிலும் முதுகுப்புறத்திலும் ரெக்சின் என்று தைப்பதும் உண்டு. சொல்லி விற்றால் அது மோசடி அல்ல. ஆனால் முழுத்தோல் விலை கேட்டால், உங்கள் பிடி அங்கேதான். சோபாவின் பின்பக்கத்தைத் தடவிப் பார்த்துவிட்டுப் பேசுகிறவரிடம் விற்பனையாளரின் குரலே மாறும்.

"ஷோரூமில் ஒரே விலைதானே?" என்பீர்கள். பணத்தில் இறங்காத கடையும் வேறு வகையில் இறங்கலாம்: வண்டி வாடகை, மாடிக்கு ஏற்றும் கூலி, பழைய சோபாவுக்கு ஒரு விலை. காட்சிக்கு வைத்த உருப்படி என்றால் பணத்திலேயே இறங்க வாய்ப்பு அதிகம். கடைக்காரருக்கு அந்த இடம் வேண்டும். பேசி முடித்ததை, எந்தப் பகுதி எந்தத் தோல் என்பது உட்பட, பில்லில் எழுதச் சொல்லுங்கள். எழுதத் தயங்கினால், பேரத்தை முதலிலிருந்து தொடங்கலாம்.